எழுத்துப் பலகையில் எழுதுவது யார்? பேசாத ஆட்டிசப் பிள்ளையின் சொல்லைச் சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

பேசாத பிள்ளை ஒன்று எழுத்துப் பலகையில் விரலை வைத்து வைத்து முழு வாக்கியம் எழுதும் காணொளி உங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கும் வந்திருக்கும். பக்கத்தில் ஒருவர் பலகையைப் பிடித்திருப்பார். "எனக்கு எல்லாம் புரியும் அம்மா, வெளியே சொல்லத்தான் முடியவில்லை" என்று எழுத்து எழுத்தாக வரும். கீழே அழுகை முகங்கள் வரிசை கட்டும். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் இந்தக் காணொளிக்குத் தனி வலு உண்டு. பேச்சுப் பயிற்சிக்குப் பலர் ஈப்போவுக்குத்தான் போகிறார்கள். செம்பனைக் குலை வெட்டும் அப்பாவுக்கு அன்றைய கூலி போய்விடும், அடுத்த தேதியும் சீக்கிரம் கிடைக்காது. அந்த நேரத்தில் இணையத்தில் ஒருவர் வந்து, வாரம் ஒரு மணி நேரம் ஸூமில் உட்காருங்கள், பிள்ளையின் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்து காட்டுகிறேன் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கேள்விக்கானது. பலகையில் வந்த சொல் பிள்ளையுடையதா, பலகை பிடித்தவருடையதா? பிள்ளைக்கு அறிவு இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. பேசாத பிள்ளைக்குப் புரியாது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களில் யார் துணையும் இல்லாமல் தானே தட்டெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. ஒருவர் பலகையைப் பிடித்தால்தான், அல்லது கையையோ தோளையோ தொட்டால்தான் சொல் வருகிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

முதல் படி: சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

காணொளியை ஒருமுறை ஒலி இல்லாமல் ஓடவிடுங்கள். பின்னணி இசையும், பலகை பிடித்தவர் உரக்கப் படிக்கும் குரலும் போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்று கவனியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் காணொளியைச் சொல்கிறேன். பையனின் கண் மேலே சுற்றும் காற்றாடியில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் முன்னே நீள்கிறது. பலகை அரை அங்குலம் இடப்பக்கம் நகர்ந்து, விரலுக்கு நேரே ஓர் எழுத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. விரல் தொடுகிறது. அடுத்த முறை விரல் வேறெங்கோ போக, பலகை சட்டென்று பின்வாங்குகிறது. பிடித்தவர் ஏதோ சொல்லி ஊக்கப்படுத்திவிட்டு மறுபடி நீட்டுகிறார். அந்தப் பிழை எழுத்து கணக்கில் வருவதே இல்லை. இரண்டாம் முறை வந்த எழுத்துத்தான் வாக்கியத்தில் சேர்கிறது. முழு நேரமும் பலகை காற்றில்தான். மேசையில் ஊன்றி நிற்கவே இல்லை.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழும் மலாயும். பலகையில் வருவதோ பட்டதாரியின் ஆங்கிலம். எங்கே கற்றான்? யூடியூபில் கற்றிருக்கலாம், அப்படிக் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண் வேறெங்கோ இருப்பதும் ஓரக்கண் பார்வையாக இருக்கலாம். ஆக, இவை எதையும் தீர்ப்பாக எடுக்காதீர்கள். இவை சோதித்துப் பார்க்கக் காரணம், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பலகை பிடிப்பவர் பொய் சொல்கிறார் என்ற எண்ணத்தை விடுங்கள்

இங்கேதான் குடும்பங்களுக்குள் சண்டை மூள்கிறது. "என் தங்கச்சி ஏமாத்துறாளா?" என்று மூத்தவர் கொதிப்பார். யாரும் ஏமாற்றவில்லை. பள்ளி விடுதியில் ஆவியைக் கூப்பிடும் ஸ்பிரிட் ஆஃப் தி காயின் விளையாடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாலு பேர் விரல், ஒரு இருபது காசு, சுற்றிலும் எழுத்துகள். காசு நகர்கிறது, பெயர் வருகிறது, "நான் தள்ளல" என்று நாலு பேரும் சத்தியம் செய்கிறார்கள். நாலு பேரும் சொல்வது உண்மைதான்.

நாம் எதிர்பார்ப்பதை நோக்கி நம் தசை நமக்கே தெரியாமல் அசையும் என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கார்ப்பென்டர் 1852இல் எழுதினார். மறு ஆண்டே மைக்கேல் ஃபாரடே, ஆவி வந்து மேசையைச் சுழற்றுகிறது என்று நம்பியவர்களின் கைக்கும் மேசைக்கும் நடுவே வழுக்கும் அட்டைகளை வைத்துப் பார்த்தார். மேசை நகரும் முன்பே கை நகர்ந்திருந்தது. பெர்லினில் குளம்பால் தட்டிக் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரையை 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோதும் இதே கதைதான். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாதபோது, அல்லது குதிரையால் அவரைப் பார்க்க முடியாதபோது, ஹான்ஸுக்கும் விடை தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் மிக இலேசாக அசைந்தன. அதைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்தியது. உரிமையாளர் ஃபான் ஆஸ்டன் கடைசிவரை குதிரையை நம்பினார்.

ஆகவே பலகை பிடிக்கும் அம்மாவோ ஆசிரியையோ எவ்வளவு நேர்மையானவர் என்பது ஆதாரம் ஆகாது. "எனக்குத் தெரியும், நான் நகர்த்தலை" என்பதும் ஆகாது.

மூன்றாம் படி: இதே கேள்வியை முன்பு எப்படித் தீர்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்டெழுத வைக்கும் முறை, ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன் என்ற பெயரில், 1970களின் பிற்பகுதியில் மெல்பர்னில் ரோஸ்மேரி கிராஸ்லி வழியாகப் பரவத் தொடங்கியது. அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லன் 1990இல் ஹார்வர்ட் எஜுகேஷனல் ரிவ்யூவில் இதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு அங்கே காட்டுத்தீதான்.

1993இல் நியூயார்க் மாநிலத்தில் ஓ.டி. ஹெக் என்ற நிலையத்தில் ஒரு சோதனை நடந்தது. 12 ஆட்டிச நபர்கள், 9 உதவியாளர்கள். இருவருக்கும் படம் காட்டினார்கள். சில நேரம் இருவருக்கும் ஒரே படம், சில நேரம் வேறு வேறு. ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. படங்கள் வேறுபட்டபோது ஒருவர்கூடத் தான் பார்த்த படத்தின் பெயரைச் சரியாகத் தட்டெழுதவில்லை. உதவியாளர் பார்த்த படத்தின் பெயர்தான் வந்தது. கவனியுங்கள், இதை நடத்தியவர்கள் அந்த முறையைத் தங்கள் நிலையத்தில் பயன்படுத்தி வந்தவர்கள். அது வேலை செய்கிறது என்று நிரூபிக்கத்தான் தொடங்கினார்கள்.

அதே காலத்தில் மேய்ன் மாநிலத்தில் இன்னும் கொடுமையான ஒன்று. ஜேனிஸ் பாய்ன்டன் என்ற உதவியாளர் கைபிடித்துத் தட்டெழுத வைத்தபோது, ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் குடும்பத்தார் மீதே பாலியல் குற்றச்சாட்டுகள் வந்து விழுந்தன. வழக்கில் பாஸ்டனிலிருந்து ஹவர்ட் ஷேன் என்ற பேச்சு வல்லுநரை அழைத்துச் சோதித்தார்கள். பெண்ணுக்குச் சாவியைக் காட்டினார், உதவியாளருக்குக் கோப்பையை. வந்த சொல் கோப்பை. குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. பாய்ன்டன் அந்த முறையையே விட்டுவிட்டு, பிற்காலத்தில் அதற்கு எதிராக வெளிப்படையாக எழுதவும் பேசவும் தொடங்கினார். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் மரியாதை உள்ளவர் அவர்தான்.

அமெரிக்க உளவியல் சங்கம் 1994இலேயே இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. அமெரிக்கப் பேச்சு-மொழி-செவி வல்லுநர் சங்கம் 2018இல் மறுபடி எச்சரித்தது. இந்தத் தடவை ரேபிட் ப்ராம்ப்டிங் என்ற முறையையும் சேர்த்து. நம் புலனக் குழுவுக்கு இப்போது வருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். அதற்கு நெருங்கிய இன்னொரு முறை ஸ்பெல்லிங் டு கம்யூனிகேட். இவற்றில் கையைத் தொடுவதில்லை, பலகையைத்தான் பிடிக்கிறார்கள். "நாங்க தொடவே இல்லையே" என்பார்கள். ஹான்ஸையும் யாரும் தொடவில்லை.

நான்காம் படி: வீட்டுச் சோதனை

இதுதான் முக்கியம், பொறுமையாகப் படியுங்கள். அடிப்படை எளிது: பலகை பிடிப்பவருக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைக்கு மட்டும் காட்டி, அது பலகையில் வருகிறதா என்று பார்ப்பது. சோதிக்கப்படுவது பலகை பிடிப்பவர், பிள்ளை இல்லை. இதை எல்லோரும் முதலில் மனதில் ஏற்ற வேண்டும். பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். அவன் காதுபட "பார்ப்போம், இவன்தான் எழுதுறானான்னு" என்று பேசாதீர்கள்.

மூன்று பெரியவர்கள் வேண்டும். பலகை பிடிப்பவர், பொருளைக் காட்டுபவர், எழுதுபவர். வீட்டில் பிள்ளைக்கு நன்கு பழகிய பத்துப் பொருள்களைத் துணிப்பையில் போடுங்கள்: சாவி, சீப்பு, கரண்டி, செருப்பு, வாழைப்பழம், மைலோ டின், சோப்பு, பந்து, இப்படி. பலகையில் இதுவரை சுலபமாக எழுதியதாகச் சொல்லப்படும் சொற்களாக இருந்தால் நல்லது. பிறகு யாரும் "கஷ்டமான சொல் கொடுத்துட்டீங்க" என்று சொல்ல முடியாது.

காட்டுபவர் பிள்ளையை ஓர் அறைக்குள் அழைத்துப் போய், பையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, அவன் கையில் கொடுத்து, பெயரைச் சொல்லட்டும். அவன் தொட்டு, முகர்ந்து, திருப்பிப் பார்க்கட்டும். அவசரம் வேண்டாம். பலகை பிடிப்பவர் இதைக் கேட்கவும் பார்க்கவும் கூடாது. பழைய லயத்து வீடுகளில் பலகைச் சுவர் கூரைவரை போகாது, மெதுவாகப் பேசினாலும் அடுத்த அறைக்குக் கேட்கும். அவரை வாசலுக்கு வெளியே, முடிந்தால் கோயில் பக்கம்வரை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பொருளைப் பைக்குள் போட்ட பிறகு, காட்டியவர் அறையிலேயே இருந்துவிட வேண்டும். விடை தெரிந்தவர் கூடத்துக்கு வந்து நின்றால் அவர் முகமே விடையைச் சொல்லிவிடும். பிள்ளை மட்டும் வெளியே வரட்டும். பலகை பிடிப்பவர், "உள்ளே என்ன பார்த்தாய்?" என்று கேட்பார். எழுதுபவர் வரும் எழுத்துகளை வந்தபடியே, பிழையோடு சேர்த்து, நோட்டில் எழுதுவார். திருத்தக் கூடாது. எழுதி முடித்துத் தேதி போட்ட பிறகுதான் பொருள் வெளியே வர வேண்டும்.

இது பாதி. மறுபாதி இல்லாமல் சோதனை பயனில்லை. சில சுற்றுகளில் பலகை பிடிப்பவருக்கும் அதே பொருளைக் காட்டிவிடுங்கள். எந்தச் சுற்று எப்படி என்று காலையிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், நடுவில் மாற்ற வேண்டாம். ஐந்து இப்படி, ஐந்து அப்படி. ஒரு நாளைக்கு அது போதும். பிள்ளைக்கு அலுத்தால் மைலோ குடித்துவிட்டு விளையாடட்டும், மீதி அடுத்த வாரம்.

எதைச் சரி என்று ஏற்பீர்கள் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். சாவிக்கு 'சாவி' என்றாலும் மலாயில் 'குன்சி' என்றாலும் 'கீ' என்றாலும் சரி. ஓர் எழுத்து விட்டிருந்தாலும் சரி. ஆனால் "எனக்குப் பிடித்தமான ஒன்று", "தினமும் பார்ப்பது" மாதிரி பதில் சரியில்லை. அது பையில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிறகு உட்கார்ந்து பொருத்தம் தேடினால் ஜாதகம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

எழுத்துக் கூட்டாமல் நான்கு படங்களில் ஒன்றைச் சுட்டும் பிள்ளை என்றால் குருட்டு அதிர்ஷ்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிடிப்பவருக்குத் தெரியாத சுற்றுகள் பத்தில் சும்மா சுட்டினாலே இரண்டு மூன்று சரியாக வரும். ஆறோ அதற்கு மேலோ வெறும் அதிர்ஷ்டத்தில் வருவது நூற்றில் இரண்டு தடவைதான் நடக்கும். ஐந்துவரை வந்தால் இன்னொரு நாள் மறுபடி செய்யுங்கள்.

ஐந்தாம் படி: முடிவைப் படிப்பது

பலகை பிடித்தவருக்குத் தெரியாத சுற்றுகளிலும் சரியான சொல் வந்தால், கொண்டாடுங்கள். சொல் பிள்ளையுடையது. அடுத்த வேலை, பலகையை மேசையில் ஊன்றி நிற்க வைத்துப் பிடிப்பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவது.

இருவருக்கும் தெரிந்தபோது சரியாகவும், பிள்ளைக்கு மட்டும் தெரிந்தபோது தவறாகவும் வந்தால், சொல் பிடித்தவருடையது. இந்த இடத்தில் சில பதில்கள் வரும். "பிள்ளை பதற்றப்பட்டுட்டான்." "நீங்க நம்பலைன்னு அவனுக்குத் தெரிஞ்சிடுச்சு, கோபம்." மறுபாதிச் சுற்றுகள் எதற்கு என்று இப்போது புரியும். அதே நாள், அதே நாற்காலி, அதே ஆட்கள். பிடிப்பவருக்கு விடை தெரிந்த சுற்றில் வராத பதற்றம், தெரியாத சுற்றில் மட்டும் எப்படி வந்தது? எந்தச் சுற்று எதுவென்று பிள்ளைக்கே தெரியாதே.

இரண்டிலும் எதுவும் வரவில்லை என்றால் அன்றைய சோதனை ஒன்றையும் சொல்லவில்லை. அதை வைத்து யாரும் வாதாட வேண்டாம்.

சோதிக்கவே கூடாது, சோதிப்பது பிள்ளையை அவமதிப்பது என்று பயிற்சி தருபவர் சொன்னால்? அந்தப் பாடத்துக்கு மாதாமாதம் எத்தனை வெள்ளி கட்டுகிறீர்கள் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நடையை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாதா?

படித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. நூலாசிரியர் யார் என்று சண்டை வந்த இடங்களில் அப்படிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்தான். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து எழுதிய 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12 கட்டுரைகள், அந்நாட்டுத் தலைவர்கள் ஹாமில்டனுடையவையா மேடிசனுடையவையா என்று நீண்ட காலச் சர்ச்சை. ஃபிரெடரிக் மாஸ்டெல்லரும் டேவிட் வாலஸும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், யாரும் யோசிக்காமல் போடும் சின்னச் சின்ன இணைப்புச் சொற்களை எண்ணி, 12உம் மேடிசனுடையவை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆனால் அந்த வித்தைக்கு ஒரு முதலீடு வேண்டும்: இவர் எழுதியதுதான் என்று சந்தேகமே இல்லாத எழுத்து நிறைய இருக்க வேண்டும். நம் பிள்ளை பலகை இல்லாமல் எழுதியது ஒரு வரிகூடக் கிடையாது. எதோடு ஒப்பிடுவது? பலகையில் வரும் நடை அம்மாவின் புலனச் செய்தி மாதிரியே இருந்தாலும், அம்மாவிடம் மொழி கற்ற பிள்ளை அம்மா மாதிரி எழுதுவான் என்று சொல்லிவிடலாம். நடை பேசாது. தகவல் யாரிடம் இருந்தது என்பதுதான் பேசும்.

ஆறாம் படி: யாராவது ஆய்வுக் கட்டுரையை நீட்டினால்

2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த, விக்ரம் ஜஸ்வால் குழுவினரின் ஆய்வைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். பலகை பயன்படுத்தும் 9 பேரின் கண் அசைவைக் கருவியால் பதிந்தார்கள். விரல் தொடுவதற்கு முன்பே கண் அந்த எழுத்துக்குப் போகிறது, ஆகவே சொல் அவர்களுடையதுதான் என்பது முடிவு. வாங்கிப் படியுங்கள், வெறுக்க வேண்டாம். படிக்கும்போது இரண்டே கேள்வி: பலகையை யார் பிடித்திருந்தார்? அவருக்கு விடை தெரியுமா? பலகை உதவியாளர் கையில் இருந்தது. உதவியாளருக்குத் தெரியாத தகவலைக் கேட்கும் சோதனை அதில் இல்லை. அதற்குத்தான் விமர்சனமும் வந்தது.

அதே குழு 2024இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்குச் சுவையானது. பேசாத இளையவர்களுக்கு ஐபேடில் எழுத்துகளை மின்னவிட்டுத் தொடச் சொன்னார்கள். எழுத்துகள் ஒரு வாக்கியத்தின் வரிசையில் மின்னியபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள், வரிசையில்லாமல் மின்னிய எழுத்துகளைவிட வேகமாகத் தொட்டார்கள். எழுத்துக்கூட்டல் அவர்களில் பலருக்குள் இருக்கிறது என்று அது காட்டுகிறது, நல்ல செய்தி. ஆனால் உங்கள் குழுவுக்கு வந்த காணொளியில் பலகையில் எழுதிய கவிதை யாருடையது என்று அது சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: பலகையை எடுத்துவிட்டு வெறுங்கையோடு விடாதீர்கள்

பிள்ளையின் சொந்தச் சொல் வேறெங்காவது ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். வெளியே போக வேண்டும் என்றால் காடிச் சாவியை எடுத்து வந்து கையில் திணிப்பான். ஓரிரு வசனம் மட்டும் வாயில் வரும் பிள்ளை என்றால், பசித்தால் தொலைக்காட்சி விளம்பர வசனத்தை அப்படியே சொல்வான். இப்படித் திருப்பிச் சொல்வதை வெறும் கிளிப்பேச்சு என்று ஒதுக்கிய காலம் உண்டு. பேரி பிரிசன்டும் ஜூடித் டூக்கனும் 1981இல், காதில் விழுந்ததை உடனே திருப்பிச் சொல்வதைப் பிள்ளைகள் ஒன்றைக் கேட்க, ஒப்புக்கொள்ள, தன் முறை வந்ததைக் காட்ட எனப் பல காரியங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வகைப்படுத்திக் காட்டினார்கள். வசனம் கடன் வாங்கியது, நோக்கம் அவனுடையது. பலகைக் கவிதையில் எல்லாமே புதுசு, அவனுடையது ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், ஒரு வாரம் நோட்டுப் போட்டு அவன் எப்போது எந்த வசனம் சொல்கிறான், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள் என்பேன். எந்த ஸூம் வகுப்பையும்விட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அப்புறம் படம். ஆண்டி பான்டியும் லோரி ஃபிராஸ்டும் 1985இல் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையில் பிள்ளை தானாகப் படத்தை எடுத்து வந்து உங்கள் கையில் கொடுக்கிறான், வேண்டியது கிடைக்கிறது. யார் பிடிக்கிறார் என்ற கேள்வியே எழாது. கைப்பேசியில் எடுத்த படம், சாமான் கடையில் பிளாஸ்டிக் உறை, ஒட்டுப்பட்டை, இவ்வளவுதான் செலவு. 'சோறு', 'தண்ணி', 'வெளியே', 'போதும்' என்பவற்றோடு 'வேணாம்' என்பதையும் கட்டாயம் வையுங்கள். நம் வீடுகளில் மறப்பது அதைத்தான்.

படமும் கருவியும் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பாட்டிமார் பயப்படுவார்கள். 2006இல் டயேன் மில்லர் குழுவினர் தொகுத்த ஆய்வுகளில், நம்பகமான சான்று உள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 விழுக்காட்டினருக்குக் கூடியது. கோனி கசாரி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைவாகவே பேசும் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 61 பேரில், பயிற்சியோடு ஆரம்பத்திலிருந்தே பேசும் கருவியும் பெற்றவர்கள் தாமாகப் பேசுவதில் முந்தினார்கள்.

அரசாங்க வழியையும் விட்டுவிடாதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் ஏறும். தாமதமானாலும் வரிசையில் நில்லுங்கள். சமூக நலத்துறை மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் ஓ.கே.யு. அட்டையில் ஆட்டிசம் 'மசாலாஹ் பெம்பலாஜாரான்' (கற்றல் சிக்கல்) பிரிவில் வரும். சமூக மறுவாழ்வு மையமான பி.டி.கே.யில் சேர்க்கவும், பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு கேட்கவும் அந்த அட்டை கைகொடுக்கும்.

எட்டாம் படி: அம்மாவிடம் சொல்வது

சோதனை முடிவைக் குழுவில் போடாதீர்கள். பலகை பிடித்தது அம்மா என்றால், எத்தனையோ மாதமாக மகன் தன்னோடு பேசியதாக நம்பியவரிடம் அது இல்லை என்று சொல்லப் போகிறீர்கள். நோட்டை மட்டும் அவர் முன் வையுங்கள், அவரே எண்ணிப் பார்க்கட்டும். "அக்கா, நீங்க பொய் சொல்லலை, உங்க கைக்கு அவன் மேல அவ்வளவு ஆசை" என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. அன்றே பலகையைப் பிடுங்க வேண்டாம். படங்கள் பழகும்வரை இருக்கட்டும். ஆனால் அதில் வருவதை வைத்து மருந்தை மாற்றுவது, பள்ளியை மாற்றுவது, யார் மீதாவது பழி சொல்வது மட்டும் அன்றிலிருந்து நிற்க வேண்டும். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்களோ என்ற சந்தேகம் வேறு வழியில் வந்தால், உடம்பில் காயம், திடீர் பயம், தூக்கம் கெடுவது, உடனே மருத்துவரிடம் போங்கள். பலகைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பிள்ளையின் பெயரில் ஏற்கெனவே போட்ட காணொளிகளை நீக்கிவிடச் சொல்லுங்கள். அவன் சொல்லாததை அவன் பெயரில் ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறோம். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இன்னும் வழியில்லை, அதனால் பெரியவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும்.